உடம்புக்கு அளவெடுத்து அச்சிடுவது: வாசகர் கேள்வி – பதில்

ஒரே ஒரு நோயாளிக்கென்று 3டி பிரிண்டரில் செய்யப்படும் மருத்துவச் சாதனங்களைப் பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். கொங்குப் பகுதியிலிருந்து வந்தவற்றில் ஏழுக்கு இங்கே பதில். எழுதியவர்கள் ஒரு செயற்கை உறுப்பு வல்லுநரும் ஓர் எந்திரப் பொறியாளரும்.

பவுண்டரிகளுக்கு பேட்டர்ன் அடித்துக் கொடுக்க 3டி பிரிண்டர் வைத்திருக்கிறேன். பக்கத்துக் கிளினிக்கின் பிசியோதெரபி மேடம், மணிக்கட்டு ஸ்ப்ளின்ட் அடித்துத் தர முடியுமா என்று கேட்கிறார். எந்த ஃபிலமென்ட், எவ்வளவு தடிமன், லைசென்ஸ் வேண்டுமா?
– வாசகர், கணபதி, கோவை

முடியும். ஸ்ப்ளின்ட் என்பது மணிக்கட்டை அசையாமல் பிடித்து வைக்கும் தாங்கி. கையை ஸ்கேன் செய்து வளைந்த வடிவத்திலேயே அச்சிடும் வழி இப்போதைக்கு வேண்டாம். தட்டையாக அச்சிட்டு, வெந்நீரில் இளக்கி, கையின் மேலேயே படிய வையுங்கள். நாள் முழுக்க ஓட வேண்டிய பிரிண்ட் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும். அளவு கொஞ்சம் பிசகினாலும் மறுபடி வெந்நீரில் போட்டுத் திருத்தலாம். இதற்கு பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை (ஃபிலமென்ட்) போதும். 3 மி.மீ. தடிமன், 0.2 மி.மீ. லேயர், உள்ளே வெற்றிடம் இல்லாமல் நூறு சதவீத இன்ஃபில். அச்சுக் கோடுகள் முன்கையின் நீளவாக்கில் ஓடட்டும். குறுக்கே ஓடினால் மேலும் கீழும் வளையும்போது கோட்டோடு பிளக்கும்.

நீளம் முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு. முன்முனை, விரல்களை மடக்கும்போது உள்ளங்கையில் விழும் ரேகைக்குச் சற்றுப் பின்னாலேயே நின்றுவிட வேண்டும். தாண்டினால் விரல் முழுதாக மடங்காது. கட்டைவிரலின் அடிமேட்டுக்கும் இடம் விடுங்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்தும் எலும்பின் மேல் 5 மி.மீ. நுரைத்துண்டு ஒன்றை ஒட்டி, அதன்மேல் துணி உறையை மாட்டுங்கள். படிய வைத்த பிறகு நுரையை எடுத்துவிட்டால் அந்த எலும்புக்கான குழிவு கிடைத்துவிடும். இதைச் செய்யாத ஸ்ப்ளின்ட்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் புண்ணாக்கும்.

தண்ணீர் 70 டிகிரி. ஒன்றிரண்டு நிமிடத்தில் தகடு துவளும். எடுத்துத் துடைத்து, உங்கள் முன்கையில் வைத்துச் சூடு தாங்குகிறதா என்று பார்த்த பிறகே அவர் கையில் வையுங்கள். மணிக்கட்டு எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். நரம்பு அழுத்தத்துக்குப் போடுவது என்றால் ஏறக்குறைய நேராக. மற்ற பலவற்றுக்கு 20 முதல் 30 டிகிரி மேல்நோக்கி. இறுகும்வரை இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் பிடித்திருங்கள். ஓரங்களை வெளிப்பக்கமாக லேசாக மடித்து விடுங்கள். உள்ளங்கை, மணிக்கட்டு, முன்கையின் மேற்பகுதி என மூன்று வெல்க்ரோ பட்டை. முதலில் 20 நிமிடம் போட்டுக் கழற்றுங்கள். சிவந்த இடம் அடுத்த 20 நிமிடத்துக்குள் மறையவில்லை என்றால் அங்கே இளக்கித் தள்ள வேண்டும்.

பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்த ஸ்ப்ளின்ட் கோணிப்போய்விடும். இதை நோயாளியிடம் எழுதியே கொடுங்கள். பிஇடிஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் 80 டிகிரி வரை தாங்கும், ஆனால் அந்தச் சூட்டில் தோல்மேல் வைத்து வளைக்க முடியாது. அதற்கு ஸ்கேன் வழிதான்.

மூலப் பிளாஸ்டிக் பாதுகாப்பானது என்பதால் கடையில் வாங்கும் சுருளும் பாதுகாப்பானது ஆகிவிடாது. நிறமிகள், கூட்டுப்பொருள்கள், இழையை உருக்கி விடும் பித்தளை முனையின் (நாசில்) துகள் எல்லாம் அதில் சேர்கின்றன. தோலைத் தொடும் பொருளுக்கு ஐஎஸ்ஓ 10993 வரிசையில் செல் நச்சு, எரிச்சல், ஒவ்வாமைச் சோதனைகள் உண்டு. அந்தச் சான்று தரும் ஃபிலமென்டை வாங்குங்கள். மரத்தூள் கலந்தது, இருட்டில் ஒளிர்வது, மறுசுழற்சிச் சுருள் எதுவும் வேண்டாம். பேட்டர்ன் அடிக்கும் நாசிலை இதற்குப் போடாதீர்கள். ஒரு ஸ்டீல் நாசிலைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். மருத்துவச் சாதன விதிகள் 2017, ஒரே நோயாளிக்கென்று, பதிவு பெற்ற மருத்துவர் எழுதிய சீட்டின்படி, அவர் பொறுப்பில் செய்யும் சாதனத்தைத் தனியாக வைத்து, நிபந்தனைகளோடு பல விதிகளிலிருந்து விலக்குத் தருகிறது. அது ஒருவருக்கென்றே செய்யப்பட்டது என்று லேபிளிலும் இருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட்டின் வாய்ச்சொல் போதாது. மருத்துவரின் சீட்டு வேண்டும். அதே அச்சை நூறு அடித்து மருந்துக் கடைகளுக்குக் கொடுத்தால் அது மொத்த உற்பத்தி, லைசென்ஸ் இல்லாமல் செய்யக் கூடாது. ஒவ்வொரு நோயாளிக்கும் சீட்டின் நகல், கோப்பு, ஃபிலமென்ட் லாட் எண், தேதி எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள்.

எலும்பு முறிந்த புதிதில், வீக்கம் வடியும் முன், கையைச் சுற்றி மூடும் எதையும் அச்சிட்டுக் கொடுக்காதீர்கள். உள்ளே வீக்கம் கூடினால் ரத்த ஓட்டம் நின்று கையே போகும்.

என் அண்ணன் போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்தவர். முழங்காலுக்குக் கீழே கால் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. 3டி பிரிண்ட் சாக்கெட் என்றால் பாதி விலைதான் என்கிறார்கள். போடலாங்களா?
– வாசகர், திருச்செங்கோடு

சாக்கெட் என்பது செயற்கைக் காலில், எஞ்சிய கால் உள்ளே உட்காரும் கூடு. நிரந்தரமாகப் போட்டு நடக்கும் சாக்கெட்டாக, சாதாரண ஃபிலமென்ட் பிரிண்டரில் அடித்ததை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். காரணத்தைச் சொல்கிறோம்.

இந்தப் பிரிண்டர் உருகிய பிளாஸ்டிக்கை லேயர் லேயராக அடுக்குகிறது. ஒரு லேயருக்குள் இருக்கும் பலம், இரண்டு லேயர்களுக்கு நடுவே இருப்பதில்லை. சாக்கெட்டை நின்றவாக்கில்தான் அச்சிட முடியும் என்பதால், நடக்கும்போது குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி நெம்புகிற விசை நேராக அந்த லேயர் இணைப்பில் விழுகிறது. முதலில் விரிசல் விடுவது அடிப்பாகத்தில், குழாயை இணைக்கும் அடாப்டர் உட்காரும் இடத்தில். அகன்ற சுவர் திடீரென்று குறுகும் இடம் அது. உடைந்தால் மெல்ல உடையாது, ஒரே அடியாகத் துண்டாகும். செயற்கைக் காலின் பாகங்களுக்கான ஐஎஸ்ஓ 10328 சோதனையில் 30 லட்சம் முறை சுமையை ஏற்றி இறக்குகிறார்கள். சாக்கெட்டுக்கென்று தனிச் சோதனை அதில் இல்லை. அந்தச் சுமை அளவுகளையே கடன் வாங்கிச் சோதிக்கிறார்கள். உங்களுக்கு விற்பவரிடம் அப்படிச் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். நைலான் தூளை லேசரால் உருக்கிச் செய்யும் முறையில் லேயர் பலவீனம் வெகுவாகக் குறையும், ஆனால் பாதி விலைக்கு அது வராது.

விலையை விட முக்கியமானது வடிவம். காலை ஸ்கேன் செய்து அதே வடிவத்தில் சாக்கெட் அடித்தால் நடக்கவே முடியாது. எஞ்சிய காலில் அழுத்தம் தாங்கும் இடம் உண்டு, தாங்காத இடம் உண்டு. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண், கெண்டைப் பகுதி, கணைக்கால் எலும்பின் உட்பக்கச் சரிவு இவை தாங்கும். அங்கே சாக்கெட் உள்நோக்கி அழுத்த வேண்டும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் எலும்பு முனை, கணைக்கால் எலும்பின் கூர்மையான முன்விளிம்பு, வெட்டிய எலும்பின் நுனி இவை தாங்காது. அங்கே சில மி.மீ. இடம் விட வேண்டும். பிளாஸ்டர் அச்சில் செதுக்கியும் பூசியும் செய்கிற இந்த வேலையைக் கணினியிலும் செய்யலாம். செய்யத் தெரிந்தவர் செயற்கை உறுப்பு வல்லுநர்தான். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு; கூச்சப்படாமல் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

ஸ்கேன் எடுக்கும்போது சிலிக்கோன் லைனர் (காலின் மேல் மாட்டும் மெத்தென்ற உள்ளுறை) போட்டிருந்தாரா, வெறும் காலா என்று குறித்து வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, வெறும் காலில் எடுத்த அளவுக்கு லைனரோடு சாக்கெட் செய்தால் சுற்றளவில் சென்டிமீட்டர் கணக்கில் இறுகும். முழங்கால் மடங்கியிருந்த கோணத்தையும் குறித்து வைக்க வேண்டும்.

அப்படியானால் பிரிண்டருக்கு இதில் வேலையே இல்லையா என்றால், நல்ல வேலை இருக்கிறது. ஒன்று, சோதனைச் சாக்கெட். வல்லுநரின் கூடத்தில், இணைக்கம்பிகளுக்கு நடுவே, அவர் பக்கத்தில் நிற்கப் பத்து நிமிடம் நடந்து பார்க்க அச்சிட்ட சாக்கெட் போதும். கழற்றித் தோலைப் பார்த்து, சிவந்த இடத்தைக் கணினியில் திருத்தி மறுநாள் இன்னொன்று அடிக்கலாம். இன்னொன்று, அச்சு வார்ப்பு. திருத்திய வடிவத்தின் எதிர்வடிவத்தை மெல்லிய கூடாக அச்சிட்டு, உள்ளே பிளாஸ்டர் ஊற்றி, இறுகியபின் பிளாஸ்டிக்கை உரித்துவிட்டால் பிளாஸ்டர் மாதிரி கிடைக்கும். அதன்மேல் பாலிபுரோப்பிலீன் தகட்டை இளக்கிப் போர்த்தலாம், அல்லது ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து லேமினேஷன் செய்யலாம். வெளியே போட்டு நடப்பது அந்தச் சாக்கெட்.

அண்ணனுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. எஞ்சிய கால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் வரை சுருங்கிக்கொண்டே வரும். இப்போது சரியாக இருக்கும் சாக்கெட் சில மாதத்தில் தளரும். உறைக்கு மேல் உறை போட்டுச் சமாளிப்பார். கால் சாக்கெட்டுக்குள் கீழே இறங்கி நுனி தரையைத் தொடுவது போல வலித்தால் உறை போதாது, புதுச் சாக்கெட் வேண்டும் என்று பொருள். பழைய ஸ்கேன் கோப்பு இருந்தால் புதிதாக எடுத்ததோடு ஒப்பிட்டு எங்கே எவ்வளவு சுருங்கியது என்று பார்க்கலாம். ஆகவே எங்கே செய்தாலும் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கலெக்டர் ஆபீசில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் செயற்கைக் காலுக்கு விண்ணப்பிக்கவும் தவறாதீர்கள்.

தம்பிக்கு பைக் விபத்துக்குப் பிறகு மண்டை ஓட்டின் ஒரு பக்கத்தை எடுத்திருக்கிறார்கள். டைட்டானியம், பீக், எலும்புச் சிமெண்ட் மூன்றையும் டாக்டர் சொன்னார். என்ன வித்தியாசம்?
– வாசகி, ஈரோடு

முதலில் ஒன்றைக் கேளுங்கள்: எடுத்த எலும்பைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்களா? வயிற்றுத் தோலுக்கடியிலோ டீப் ஃப்ரீசரிலோ வைப்பது வழக்கம். அது நல்ல நிலையில் இருந்தால் அதையே திரும்ப வைக்கலாம். தொற்று ஏற்பட்டிருந்தாலோ நொறுங்கியிருந்தாலோதான் மற்றவற்றைப் பற்றிய பேச்சு.

டைட்டானியம் மிக வலுவானது, மெல்லியதாகச் செய்யலாம், தூளை லேசராலோ எலக்ட்ரான் கற்றையாலோ உருக்கி நேரடியாக அச்சிடலாம். ஆனால் பிற்பாடு எடுக்கும் ஸ்கேனில் அதன் அருகே படம் கெடும், வெயிலிலும் குளிரிலும் சூட்டைக் கடத்தும். பீக் என்பது ஒரு பிளாஸ்டிக். எடை குறைவு, ஸ்கேனில் தொந்தரவு இல்லை, வளையும் தன்மையில் டைட்டானியத்தை விட எலும்புக்கு நெருக்கம். எலும்போடு ஒட்டி வளராது, விலை அதிகம். பெரும்பாலும் திடமான பீக் கட்டையிலிருந்து கடைந்து எடுக்கிறார்கள். அச்சிட நாசில் 400 டிகிரி அளவில் வேண்டும்.

எலும்புச் சிமெண்டில் பிரிண்டர் வேறு வேலை செய்கிறது. தகட்டை அல்ல, அதன் அச்சை அடிக்கிறோம். இறுகும்போது சிமெண்ட் கடுமையாகச் சூடாகும், ஆகவே தலையில் வைத்து வார்க்காமல் வெளியே அச்சில் வார்த்து, ஆறிய பிறகு பொருத்துவார்கள். செலவு மிகக் குறைவு. கவனிக்க வேண்டியது கிருமி நீக்கம். பிஎல்ஏ அச்சை 121 டிகிரி நீராவிப் பெட்டியில் (ஆட்டோகிளேவ்) வைத்தால் உருக்குலையும். வெளியே வரும்போது கிட்டத்தட்ட அதே வடிவம் போலத் தெரிந்தாலும் ஓரம் இரண்டு மி.மீ. விலகியிருக்கும், அறுவை அரங்கில்தான் அது தெரியவரும். எத்திலீன் ஆக்சைடு வாயு முறைக்குத்தான் அனுப்ப வேண்டும். வாயு வெளியேற விடும் நேரத்தையும் சேர்த்தே அறுவைத் தேதியைக் குறிக்க வேண்டும்.

நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது ஸ்கேன். ஃபிலிமை வைத்து எதுவும் செய்ய முடியாது. சிடியிலோ பென் டிரைவிலோ டைகாம் கோப்புகள் (ஸ்கேன் எந்திரம் தரும் மூலக் கோப்புகள்) முழுதாக வேண்டும். ஒரு மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகள், எந்திரம் சாயாமல், உச்சந்தலை முதல் கண்ணுக்குக் கீழ்வரை. 5 மி.மீ. வெட்டுகளில் எடுத்தால் ஓட்டின் விளிம்பு படிக்கட்டாகத் தெரியும், தகடு உட்காராது. எலும்பை எடுத்த பிறகு, வீக்கம் வடிந்தபின் எடுத்த ஸ்கேனாக இருக்க வேண்டும். நல்ல பக்கத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி வடிவம் எடுப்பார்கள். நெற்றி நடுக்கோட்டைத் தாண்டி எலும்பு போயிருந்தால் அது முழுதாக உதவாது, கையால் வரைய வேண்டியிருக்கும்.

தகடு கச்சிதமாகப் பொருந்தினாலும் நெற்றிப்பொட்டுப் பக்கம் லேசான பள்ளம் மிஞ்சலாம். எலும்புக் குறை அல்ல. அங்குள்ள தசை மெலிந்ததால் வருவது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் கலங்க வேண்டியதில்லை.

நாமக்கல் வாசகர் ஒருவர், கிட்னியை அச்சிட்டுப் பொருத்துகிறார்களாமே என்று கேட்கிறார்.

இல்லை. அச்சிட்ட சிறுநீரகம் எந்த மனிதருக்கும் பொருத்தப்படவில்லை. அப்படிச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கட்டி வந்த சிறுநீரகத்தின் மாதிரியை அச்சிட்டு அறுவைக்கு முன் திட்டமிடுவது நடக்கிறது. உடம்பில் கரையும் சாதனத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு 2012இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது: மூச்சுக்குழாய் மடிந்துபோகும் கைக்குழந்தைக்கு, பாலிகேப்ரோலேக்டோன் என்ற கரையும் பிளாஸ்டிக்கில் தாங்கி அச்சிட்டுப் பொருத்தினார்கள்.

எங்க அமுச்சிக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி இல்லை. பெருவிரல் அடியில் புண் வந்து ஆறியிருக்கிறது. ஒரு கடையில் பாதத்தை ஸ்கேன் செய்து 3டி பிரிண்ட் இன்சோல் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, காங்கேயம்

கடைக்காரர் 10 கிராம் நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதித்தாரா, பாதத்தில் நாடித்துடிப்பைப் பார்த்தாரா? இரண்டும் இல்லாமல் வண்ணப் படம் மட்டும் காட்டினால் வாங்காதீர்கள். அந்தப் படம் அழுத்தம் எங்கே அதிகம் என்று காட்டும். பாதத்தின் வளைவின் ஆழத்தைக் காட்டாது.

இன்சோல் (செருப்புக்குள் பாதத்தின் கீழே வைக்கும் அட்டை) அடிக்கும் டிபியு என்ற ரப்பர் போன்ற ஃபிலமென்ட் நாம் நினைப்பதை விடக் கெட்டி. மென்மை வருவது உள்ளே விடும் வெற்றிடத்தால். பொதுவான இடத்தில் 20 முதல் 25 சதவீத இன்ஃபில், புண் வந்த இடத்தின் கீழே 10 முதல் 12 என்று குறைத்து, இரண்டுக்கும் நடுவே படிப்படியாக மாற வேண்டும். அந்த இடத்தில் வட்டமாக ஓட்டை போட்டுத் தருபவர்களிடம் வாங்கவே கூடாது. ஓட்டையின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, புண் வளையமாகத் திரும்பும். மேலே 3 மி.மீ. மென்மையான உறை அவசியம். அச்சுக் கோடுகள் உணர்ச்சியற்ற தோலில் அரம் போல உராயும். டிபியு ஈரத்தை உறிஞ்சும். அச்சிடும் முன் 50 டிகிரியில் பல மணி நேரம் உலர்த்தாவிட்டால் உள்ளே குமிழ் விழுந்து, ஓரிரு மாதத்தில் அமுங்கிப் போகும்.

எல்லாம் சேர்ந்து 8, 10 மி.மீ. தடிமன் வரும். அமுச்சி போடும் செருப்பில் அது நுழையாது. ஆழம் கூடிய, பின்வார் உள்ள செருப்பும் சேர்த்தே வாங்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எம்சிஆர் என்ற மென்மையான நுண்துளை ரப்பர் வைத்துச் செய்யும் சர்க்கரை நோயாளிச் செருப்பு பலருக்குப் போதும், விலையும் குறைவு. பாதம் கோணியிருந்தால், புண் திரும்பத் திரும்ப வந்தால் அச்சிட்டது தேவைப்படும்.

முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி நீங்கள் பாருங்கள். அவருக்கு வலிக்காது, சொல்ல மாட்டார். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தைத் தோல் வெப்பமானியில் பார்த்து 2.2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்தால் நடையைக் குறைத்து மருத்துவரிடம் போங்கள். புண் மறுபடி திறந்தால் இன்சோலால் ஆறாது. சுமையை முழுக்க மாற்றும் கட்டு வேண்டும்.

நார் மில்லில் வேலை செய்த மச்சானுக்கு வலது கையில் நான்கு விரல் போய்விட்டது, கட்டைவிரல் இருக்கிறது. இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் 3டி கை டிசைன் சரிவருமா?
– வாசகர், பொள்ளாச்சி

அந்தக் கைகள் மணிக்கட்டை மடக்கும்போது இழை இழுபட்டு விரல் மூடும்படி செய்தவை. மணிக்கட்டு குறைந்தது 30 டிகிரி மடங்க வேண்டும், உள்ளங்கையில் ஒரு பகுதி மிஞ்சியிருக்க வேண்டும். பந்து, காலி டம்ளர், பை இவற்றைப் பிடிக்கும். தேங்காய் மூட்டை, அரிவாள் இவற்றுக்கு உதவாது. இழை துளை விளிம்பில் அறுபடுவதும், மூட்டுப் பின் நழுவுவதும் வழக்கமான பழுதுகள்.

உங்கள் மச்சானுக்குக் கட்டைவிரல் உணர்ச்சியோடு இருக்கிறது. அதை மூடி மறைக்கும் கையை விட, அது அழுத்திப் பிடிக்க எதிரே ஒரு நிலையான தாங்கி மேல். நைலானில் அச்சிட்ட வளைந்த தட்டு, உள்ளே 3 மி.மீ. நுரை, கட்டைவிரல் தொடும் இடத்தில் ரப்பர் முகம், மணிக்கட்டில் அகலமான பட்டை. அசையும் பாகமே இல்லை, ஆகவே பழுதும் குறைவு. என்ன வேலைக்கு என்று அவரிடம் கேட்டு, பேனாவா, வண்டி ஹேண்டிலா, மண்வெட்டியா என்பதற்கேற்ப முகத்தை மட்டும் மாற்றி அடிக்கலாம். வெட்டுப்பட்ட நுனியில் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிப்பது போல வலி இருந்தால் முதலில் கை அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நரம்பு முடிச்சின் மேல் எதைப் பொருத்தினாலும் கழற்றி எறிவார். ஓடும் மெஷின் பக்கம் இழையும் பட்டையும் உள்ள எதையும் போட்டுக்கொண்டு போகக் கூடாது. மில்லில் இஎஸ்ஐ பிடித்திருந்தால் செயற்கை உறுப்புச் செலவும் நிரந்தர ஊன உதவித்தொகையும் அதில் உண்டு. அதைக் கேட்டுவிட்டுக் கைப்பணத்தை எடுங்கள்.

பல் லேப் வைத்திருக்கிறோம். ரெசின் பிரிண்டரில் அடிக்கும் சர்ஜிகல் கைடு (பல் அறுவையில் துளையிடும் இடத்தைக் காட்டும் அச்சு) பிசுபிசுக்கிறது, வேலை செய்யும் பெண்களுக்குக் கை அரிக்கிறது.
– வாசகர், கரூர்

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இறுகாத ரெசின். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இரண்டு தொட்டி வையுங்கள். முதலாவதில் அழுக்கு, இரண்டாவது எப்போதும் சுத்தமானது. மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம், விரிசல் விடும். நன்றாக உலர்ந்த பிறகே ஒளியால் இறுக வைக்கும் கியூரிங் பெட்டியில் வையுங்கள். ஈரமாக வைத்தால்தான் பிசுபிசுப்பு நிற்கிறது. நேரமும் சூடும் அந்த ரெசினின் குறிப்பேட்டில் உள்ளபடி, குறைக்காமல். பல் மாதிரி அடிக்கும் மாடல் ரெசினில் கைடு அடிக்கவே கூடாது. வாயில் வைக்கச் சான்று பெற்றது வேறு. லேடக்ஸ் கையுறையை விட்டு நைட்ரைல் போடச் சொல்லுங்கள், ரெசின் பட்டவுடன் மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் போகாது. அரிப்பு வந்தவருக்கு வேறு வேலை கொடுங்கள். கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றாமல், கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி வெயிலில் வைத்து, படியும் ரெசினை வடிகட்டி, முழுதாகக் கெட்டியானதும் அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.